மேற்குப் பார்த்த ஹாலுக்குச் சாம்பல் நிறம் பொருந்துமா?

பல்லடத்துக்கு அருகே புது வீட்டின் வேலையை முடிக்கும் நிலையில் இருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "மேற்குப் பார்த்த ஹாலில் வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ் பதித்தாயிற்று. சுவருக்குச் சாம்பல் நிறம், டிவி சுவர் முழுக்க வரிவரியாகப் பள்ளம் விட்ட ஃப்ளூட்டட் பேனல், சுருள் இழையில் நெய்த பூக்லே துணி போட்ட வளைவு சோஃபா என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?"

சாம்பல் நிறத்தைத் தவிர்த்துவிடுங்கள். நிறப் போக்கு சில ஆண்டுகளாகவே மண் சார்ந்த இதமான நிறங்களின் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆண்டுதோறும் அந்த ஆண்டுக்கான நிறத்தை அறிவிக்கும் பான்டோன் நிறுவனம் 2025-க்குத் தேர்ந்தெடுத்ததும் 'மோக்கா மூஸ்' என்னும் மென்பழுப்பைத்தான். அதைவிட முக்கியமான காரணம் உங்கள் ஹாலிலேயே இருக்கிறது. வெள்ளைத் தரையும் சாம்பல் சுவரும் 6500 கெல்வின் வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் சேரும்போது, இரவில் அறை முழுவதும் நீலம் பாய்ந்து, வங்கிக் கிளையைப் போலத் தெரியும். மணல் நிறம், வெளிர்சந்தனம், மங்கலான காவி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விளக்குகளை, மஞ்சள் சாய்ந்த வெளிச்சம் தரும் 2700 முதல் 3000 கெல்வினுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் (விளக்குப் பெட்டியில் இருக்கும் இந்த எண் கூடக்கூட வெளிச்சத்தில் நீலம் கூடும்).

நிற அட்டையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டடிச் சதுரப் பலகையில் இரண்டு கோட்டிங் அடித்து, காலை பத்து மணிக்கும், மேற்கு வெயில் உள்ளே விழும் மாலை ஐந்து மணிக்கும், இரவு விளக்கிலும் சுவரோடு சாய்த்து வைத்துப் பாருங்கள். காலையில் சாந்தமாகத் தெரியும் காவி, மாலை வெயிலில் செங்கல் சூளையாகக் கொதிப்பதை அப்போதுதான் கண்டுகொள்வீர்கள். லைம்வாஷ் என்னும் சுண்ணாம்புப் பூச்சில் ஆசை இருந்தால் பெயின்ட் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அக்ரிலிக் பிரைமர் அடித்த சுவரில் அது சரியாகப் பிடிக்காது.

ஃப்ளூட்டட் பேனல் அழகானதுதான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று உங்கள் பக்கம் எவ்வளவு புழுதியைக் கொண்டுவரும் என்பது உங்களுக்கே தெரியும். அது ஒவ்வொரு பள்ளத்திலும் படியும். டிவிக்குப் பின்னால் நான்கடி அகலத்துக்கு மட்டும் வைத்தால் போதும். அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறை இருந்தால் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பேனல் வேண்டவே வேண்டாம்; ஈரம் ஏறினால் உப்பிவிடும்.

பூக்லே துணியின் சுருள்களிலும் அதே புழுதி தங்கும். நெருக்கமாக நெய்த, கழற்றித் துவைக்கக்கூடிய உறையோடு நேரான சோஃபாவே நல்லது. வளைவு சோஃபா சுவரோடு ஒட்டாமல் நடுக்கூடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரம்பரை, சொந்தபந்தம் என்று திரளும் நாளில் விரிக்க ஒரு பவானி ஜமக்காளம் வாங்கி வையுங்கள். மற்ற நாட்களில் அதன் பட்டைக் கோடுகளே ஹாலின் அடர்நிறமாக இருக்கட்டும்.

திரைச்சீலையைக் கரூரில் வாங்குவதானால் பெயின்ட் முடிந்த பிறகு போங்கள். கம்பியின் நீளத்தைப் போல இரு மடங்கு அகலத் துணியும், மேற்கு வெயிலுக்குத் தடித்த லைனிங்கும் தேவை. பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும் என்பதால், நனைத்து உலர்த்திய பிறகே தைக்கக் கொடுங்கள்.