கீழக்கரைப் புகைப்படத்தில் உள்ள ஜெட் விமானம் எது?

வணக்கம் ஐயா. 1973-இல் உங்கள் பாட்டனார் கொழும்புக்குச் சென்றபோது எடுத்த படத்தில், விமானத்தின் பின்பகுதியில் இன்ஜின்கள் இருப்பதாகவும் அது கேரவெல்லா, டிரைடென்டா என்று தெரியவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த ஆண்டில் இந்தியன் ஏர்லைன்ஸ் பிரான்சு நாட்டுக் கேரவெல்லையும், ஏர் சிலோன் பிரிட்டனில் செய்த டிரைடென்டையும் இயக்கிவந்ததால் உங்கள் சந்தேகம் நியாயமானதே.

முதலில் சன்னல்களைப் பாருங்கள். மேலே குறுகிக் கீழே அகன்று, முனை மழுங்கிய முக்கோணமாக இருந்தால் ஐயமே வேண்டாம், அது கேரவெல்தான். கீழே உள்ள நிலமும் கடலும் பயணிகளுக்கு நன்றாகத் தெரியவேண்டும் என்றே அப்படி அமைத்தார்கள். வாலுக்கு அடியில் திறந்து இறங்கும் படிக்கட்டும் அதற்கு உண்டு. அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனமே 20 கேரவெல்களை வாங்கியது என்பது அக்காலத்தில் ஐரோப்பிய விமானத்துக்குக் கிடைத்த அரிய பெருமை. இந்தியாவில் அது 1964-இல் சேவைக்கு வந்தது.

டிரைடென்டுக்கு மூன்று இன்ஜின்கள். மூன்றாவது வாலின் அடிப்பகுதியில் இருக்கும். முன்சக்கரம் நடுவில் இல்லாமல் இடப்புறம் ஒதுங்கி நிற்பதை வேறு விமானத்தில் காண்பது அரிது. ஏர் சிலோனிடம் இருந்தது ஒரே ஒரு டிரைடென்ட் என்பதால், படத்தில் இருப்பது அதுவானால் மிகவும் மதிப்புள்ளது. உப்புக்காற்றில் ஆல்பத்தோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்த்தெடுக்காமல், அப்படியே வைத்துக் கைப்பேசியில் எடுத்து அனுப்புங்கள்.

பழைய டிக்கெட் இருந்தால் விமான எண்ணின் முன்னெழுத்துகளையும் பாருங்கள்: ஐசி என்றால் இந்தியன் ஏர்லைன்ஸ், ஏஇ என்றால் ஏர் சிலோன்.