ஓபன்சீ பெயரில் வந்த மெயிலை நம்பி வாலட்டை இணைத்துவிட்டேன், இன்னும் எதுவும் போகவில்லை. பயப்பட வேண்டுமா?

ஓபன்சீ என்பது என்எஃப்டிகளை (டிஜிட்டல் படம் போன்றவற்றின் உரிமைச் சான்று) வாங்கி விற்கும் சந்தை, வாலட் என்பது அவற்றையும் கிரிப்டோ காசையும் கையாளும் மென்பொருள். வாலட்டை இணைத்ததால் மட்டும் எதுவும் போகாது. இணைத்தால் அந்தத் தளத்துக்கு உங்கள் முகவரி தெரியும், அதில் என்னென்ன இருக்கிறது என்று தெரியும், உங்களிடம் அனுமதி கேட்டு ஒரு சாளரத்தைத் திறக்க முடியும். அவ்வளவுதான். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியில் ஒன்றைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: "உங்கள் என்எஃப்டியை ஒருவர் 2.4 ஈதருக்குக் கேட்கிறார் என்று மெயில் வந்தது, ஆஃபரை ஏற்கும் பட்டனை அழுத்தினேன், மெட்டாமாஸ்க்கில் ஏதோ சைன் பண்ணச் சொன்னது, பண்ணினேன், கேஸ் கட்டணம்கூடக் கேட்கவில்லை." கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். (மெட்டாமாஸ்க் ஒரு வாலட் செயலி, ஈதர் என்பது ஈதரியம் பிளாக்செயினின் காசு, கேஸ் கட்டணம் அந்தச் சங்கிலியில் ஒரு பரிவர்த்தனையைப் பதியக் கட்டுவது.)

எனவே மீதியைப் படிப்பதற்கு முன் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். புதிதாக ஒரு வாலட் உருவாக்கி, அதாவது புதிய சீட் ஃப்ரேஸுடன் (வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்களின் வரிசை), விலை உள்ளதையெல்லாம் அங்கே மாற்றுங்கள். பழைய வாலட்டிலேயே இன்னொரு அக்கவுண்ட் சேர்ப்பதும் கையெழுத்து விஷயத்துக்குப் போதும்தான், ஆனால் அந்தத் தளத்தில் சீட் ஃப்ரேஸையும் அடித்திருந்தால் அது உதவாது. அப்புறம் ரிவோக் கேஷ் தளத்திலோ ஈதர்ஸ்கேனின் டோக்கன் அப்ரூவல் பக்கத்திலோ பழைய வாலட்டிலிருந்து பொருளை நகர்த்த நீங்கள் கொடுத்திருக்கும் அனுமதிகளை ரத்து செய்யுங்கள். அந்தத் தளங்களுக்கும் முகவரியை நீங்களே அடித்துப் போங்கள். கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வருவதே சில நேரம் போலியாக இருக்கும்.

செய்தாயிற்றா? சரி, இப்போது ஏன் என்று சொல்கிறேன். நான் மெயில் சர்வர் பராமரிக்கும் வேலையில் இருப்பவன், கொஞ்சம் என்எஃப்டியும் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஓரளவு தெரியும்.

"இரண்டு நாளாகியும் எதுவும் போகவில்லை, தப்பித்துவிட்டேன்" என்று நினைப்பவர்களுக்கு 2022 பிப்ரவரி 19 நல்ல பாடம். அன்று சனிக்கிழமை. அமெரிக்கக் கிழக்கு நேரப்படி மாலை 5 முதல் 8 வரை, ஓபன்சீ பயனர்கள் சிலரின் வாலட்டுகளிலிருந்து என்எஃப்டிகள் வரிசையாகக் கிளம்பிப் போயின. பெக்ஷீல்டு என்ற பாதுகாப்பு நிறுவனம் எண்ணியபோது 254 டோக்கன்கள். போர்டு ஏப், டீசென்ட்ராலேண்ட் போன்ற பெயர்பெற்ற என்எஃப்டி வரிசைகளும் அதில் உண்டு. முதலில் 32 பேர் என்றார்கள், பிறகு ஏமாந்தவர்கள் 17 பேர்தான் என்று ஓபன்சீ திருத்தியது. திருடியவனின் வாலட்டில் சுமார் 17 லட்சம் டாலர் மதிப்புள்ள ஈதர் சேர்ந்திருந்தது.

அதற்கு முந்தைய நாள்தான் ஓபன்சீ தன் பழைய ஸ்மார்ட் கான்ட்ராக்டிலிருந்து (விற்பனையைத் தானாக நடத்தும், சங்கிலியில் உள்ள நிரல்) புதியதற்கு மாறுவதாக அறிவித்திருந்தது. பிப்ரவரி 25க்குள் எல்லோரும் தங்கள் லிஸ்டிங்கை, அதாவது விற்பனைக்கு வைத்த பதிவை, மாற்ற வேண்டும். அந்த அறிவிப்பு மெயிலை அப்படியே நகல் எடுத்து ஒரு போலி மெயில் உலவியதை செக் பாயிண்ட் நிறுவனம் காட்டியது. அதனால் எல்லோரும் முடிச்சுப் போட்டார்கள்: மெயில் வந்தது, கிளிக் பண்ணினார்கள், போயிற்று. ஆனால் ஓபன்சீயின் தொழில்நுட்பத் தலைவர் நாடவ் ஹாலண்டர் ஒரு விவரம் சொன்னார். திருட்டுக்குப் பயன்பட்ட கையெழுத்துகள் எல்லாமே பழைய கான்ட்ராக்டுக்கானவை, மாற்றம் தொடங்குவதற்கு முன்பே வாங்கப்பட்டவை. யாரோ முன்கூட்டியே கையெழுத்துகளைச் சேகரித்துப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள். பழைய கான்ட்ராக்ட் செல்லாமல் போகப்போகிறது என்றதும் ஒரே மாலையில் எல்லாவற்றையும் எடுத்து உபயோகித்துவிட்டார்கள். இதுதான் எனக்குச் சரியாகப் படுகிற விளக்கம். எந்தப் பக்கத்தில் ஏமாந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள் என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. மெயிலா, போலித் தளமா என்பதைவிட, கையெழுத்து போட்ட நாளும் பொருள் போன நாளும் வேறு வேறு என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்டு வட்டிக்காரரிடம் கொடுத்தது மாதிரிதான் இது. தொகையையும் தேதியையும் அவர் தன் வசதிக்கு எழுதிக்கொள்வார்.

கேஸ் கட்டணம் கேட்கவில்லை என்பதை நீங்கள் ஆறுதலாகச் சொல்கிறீர்கள். அது ஆறுதல் இல்லை. ஓபன்சீயில் ஒரு பொருளை விற்பனைக்கு வைக்கும்போதும் (முதல் முறை அனுமதி கொடுப்பதைத் தவிர) கட்டணம் கிடையாது, ஏனென்றால் லிஸ்டிங் என்பது சங்கிலிக்கு வெளியே நீங்கள் போடும் ஒரு கையெழுத்து மட்டுமே. "இந்தப் பொருளை இந்த விலைக்குத் தருகிறேன்" என்று எழுதிக் கொடுப்பது. வாங்குபவர் அதைச் சங்கிலியில் கொண்டுபோய்க் காட்டும்போதுதான் கட்டணம், அதையும் அவரே கட்டுவார். போலித் தளம் உங்களிடம் வாங்குவதும் அதே லிஸ்டிங் கையெழுத்துதான், விலை மட்டும் பூஜ்யம் அல்லது பூஜ்யத்துக்குப் பக்கம். நீங்கள் முன்பு எப்போதாவது அந்தக் கலெக்‌ஷனை ஓபன்சீயில் விற்பனைக்கு வைத்திருந்தால், பொருளை நகர்த்தும் அனுமதி ஓபன்சீயின் கான்ட்ராக்டுக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கும். திருடன் புதிதாக எதுவும் கேட்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட ஒரு மெயிலின் லிங்கைத் தனி பிரவுசரில், ஒன்றுமே இல்லாத வாலட்டுடன் திறந்து பார்த்திருக்கிறேன். (நீங்கள் முயல வேண்டாம்.) பக்கம் அச்சு அசல் ஓபன்சீ. படம், பெயர், ஆஃபர் தொகை, பக்கத்தில் இறங்கிக்கொண்டே வரும் ஒரு கடிகாரம். இணைத்ததும் இரண்டு நொடி சுற்றியது. அப்புறம் வந்த செய்தி: "இந்த வாலட் தகுதி பெறவில்லை, வேறு வாலட்டை இணைக்கவும்." காலி வாலட்டில் கையெழுத்து வாங்கி என்ன பயன்? உள்ளே இருப்பதை எடை போட்டு, எது விலை அதிகமோ அதற்குத் தகுந்த கையெழுத்தைத்தான் அது கேட்கும்.

உங்களிடம் கேட்ட சாளரத்தில் என்ன இருந்தது என்று நினைவிருந்தால் கமெண்டில் எழுதுங்கள். பழைய நாட்களில் பூஜ்யம் எக்ஸ் என்று தொடங்கும் நீண்ட எழுத்துக் குவியல் மட்டும் காட்டும், மனிதரால் படிக்க முடியாது. இப்போது பெரும்பாலும் பிரித்துக் காட்டும். 'ஆஃபர்' என்ற தலைப்பின் கீழ் நீங்கள் கொடுப்பது, 'கன்சிடரேஷன்' என்ற தலைப்பின் கீழ் அதற்குப் பதிலாக வருவதும் அது யார் முகவரிக்குப் போகிறது என்பதும். கன்சிடரேஷனில் உங்கள் முகவரி இல்லாவிட்டால் கதை முடிந்தது. ஒரே கையெழுத்தில் பல பொருட்களை அடுக்கியும் வைப்பார்கள், கீழே உருட்டிப் பார்த்தால்தான் தெரியும். 'செட் அப்ரூவல் ஃபார் ஆல்' என்று வந்திருந்தால் அது வேறு வகை: அந்தக் கலெக்‌ஷனில் உள்ள அனைத்தையும் நகர்த்தும் உரிமை. அதற்குக் கேஸ் கட்டணம் உண்டு, உங்களிடம் கேட்கவில்லை என்பதால் அது இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. புதிய வாலட்டுக்கு மாற்றியதைத் திரும்பப் பழைய வாலட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கையெழுத்து சாகவில்லை, பொருள் அங்கே இல்லாததால் தூங்குகிறது. 2022 ஜனவரியில் இப்படித்தான் பலர் அடி வாங்கினார்கள். லிஸ்டிங்கை ரத்து செய்யக் கட்டணம் ஆகுமே என்று பொருளை வேறு வாலட்டுக்கு மாற்றிவிட்டு, பல மாதம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பழைய விலையிலேயே அது மீண்டும் உயிர்பெற்றது. ஒரு போர்டு ஏப் 0.77 ஈதருக்கு வாங்கப்பட்டு, சீக்கிரத்திலேயே 84.2 ஈதருக்குக் கைமாறியது. அங்கே ஃபிஷிங்கே (போலி மெயில், போலித் தளம் வைத்து ஏமாற்றுவது) கிடையாது, உரிமையாளர் தாமே போட்ட பழைய கையெழுத்து. அதைச் சரிசெய்ய, பழைய லிஸ்டிங்குகளை ரத்து செய்யுங்கள் என்று அப்படிப் பழைய லிஸ்டிங் வைத்திருந்தவர்களுக்கு ஓபன்சீ நிஜமாகவே அவசர மெயில் அனுப்பியது. அடுத்த மாதம் லிஸ்டிங்கை மாற்றுங்கள் என்று இன்னொரு நிஜ மெயில். கெடு வைத்து, பட்டனை அழுத்தச் சொல்லி, கையெழுத்துக் கேட்கும் மெயில்கள் வருவது இயல்புதான் என்று பயனர்களைப் பழக்கியது அந்த நிறுவனமேதான் என்பது என் குற்றச்சாட்டு. போலி மெயில்காரன் அந்தப் பழக்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்தான்.

"என் மெயில் முகவரி அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஓபன்சீயில் எப்போதாவது முகவரி கொடுத்திருந்தால், 2022 ஜூனில் கசிந்த பட்டியலில் நீங்கள் இருக்கலாம். ஓபன்சீக்காக மெயில் அனுப்பித் தந்த கஸ்டமர் டாட் ஐஓ நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தனக்கிருந்த அனுமதியைப் பயன்படுத்திப் பட்டியலை இறக்கி வெளியாளிடம் கொடுத்துவிட்டார். முகவரி கொடுத்த எல்லோரும் தங்கள் முகவரி போய்விட்டதாகவே கருதிக்கொள்ளுங்கள் என்று ஓபன்சீ சொன்னது. கடவுச்சொல்லை மாற்றலாம், மெயில் முகவரியை யார் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்? எனவே அந்தப் பட்டியலுக்கு வயதாவதே இல்லை.

அனுப்புநரைச் சரிபார்ப்பது பற்றி. போனில் ஜிமெயில் 'ஓபன்சீ' என்ற பெயரை மட்டும்தான் காட்டும், பெயருக்குக் கீழே தட்டினால்தான் முகவரி தெரியும். ஓபன்சீ டாட் ஐஓ என்பது மட்டுமே அசல், டாட் ஆர்க், டாட் எக்ஸ்ஒய்இசட், நடுவில் ஓர் எழுத்து இடம் மாறியது எல்லாம் போலி. பார்ப்பது நல்லதுதான், ஆனால் மெயில் வேலை பார்ப்பவனாகச் சொல்கிறேன், இதை ரொம்ப நம்பாதீர்கள். 2024 ஜனவரியில் மெயிலர்லைட் என்ற மெயில் சேவையின் உதவிப் பிரிவு ஊழியர் ஒருவரைப் போலி கூகுள் லாகின் பக்கத்தில் ஏமாற்றி உள்ளே நுழைந்தார்கள். அங்கிருந்து காயின்டெலிகிராஃப், வாலட்கனெக்ட் போன்ற கிரிப்டோ நிறுவனங்களின் பெயரில் போலி ஏர்டிராப் (இலவச டோக்கன்) மெயில்கள் போயின. அவை அந்த நிறுவனங்களின் உண்மையான டொமைனிலிருந்தே போனவை. அனுப்பியது அசல் டொமைன்தானா என்று பார்க்க எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்று நாங்கள் வைத்திருக்கும் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். முகவரியை உற்றுப் பார்த்தவர்களும் அன்று ஏமாந்திருப்பார்கள்.

இதையெல்லாம் தனி ஒரு ஆள் உட்கார்ந்து செய்வதாக நினைக்க வேண்டாம். வாலட்டைத் துடைக்கும் நிரல் வாடகைக்குக் கிடைக்கிறது. இன்ஃபெர்னோ டிரெய்னர் என்ற ஒன்று, திருடியதில் 20 சதவீதத்தை எடுத்துக்கொண்டு மீதியை மெயில் அனுப்பியவனுக்கு விட்டது. 2022 நவம்பரிலிருந்து ஓராண்டில் 8 கோடி டாலருக்கு மேல் போனதாகவும், 16,000க்கும் அதிகமான போலி டொமைன்கள் இருந்ததாகவும் குரூப் ஐபி என்ற பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டது.

போன பொருள் திரும்புமா என்றால், பெரும்பாலும் காசு கொடுத்தால்தான். நடிகர் சேத் கிரீன் 2022 மே மாதம் ஒரு போலித் தளத்தில் ஏமாந்து தன் போர்டு ஏப்பை இழந்தார், அதை வைத்து ஒரு தொடர் வேறு எடுத்துக்கொண்டிருந்தார். வாங்கியவரிடம் 165 ஈதர் கொடுத்துத்தான் மீட்டார். பொருள் போய்விட்டால் எக்ஸ் தளத்தில் புலம்பாதீர்கள். நிமிடத்தில் "மீட்டுத் தருகிறேன்" என்று நாலு பேர் வருவார்கள், அவர்கள் இரண்டாவது ரவுண்டு மோசடிக்காரர்கள். இந்தியாவில் இருந்தால் 1930க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். ஓபன்சீயில் திருட்டுப் பொருள் என்று முடக்கச் சொன்னால், 2022 ஆகஸ்டில் அறிவித்த விதிப்படி 7 நாளில் போலீஸ் புகார் நகலைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் முடக்கத்தை எடுத்துவிடுவார்கள். வருமான வரியில் இந்த நஷ்டத்தைக் கழிக்கலாம் என்ற கனவும் வேண்டாம். கிரிப்டோ, என்எஃப்டிக்கான 30 சதவீத வரி விதியில் வாங்கிய விலையைத் தவிர வேறு எதையும் கழிக்க விடமாட்டார்கள்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டால், எந்த மெயிலின் பட்டனையும் அழுத்துவதில்லை. ஆஃபர் உண்மையென்றால் தளத்தில் என் கணக்கிலும் இருக்கும், புக்மார்க் வழியாகப் போய்ப் பார்ப்பேன். ஈதரியத்தில் ஓபன்சீ ஆஃபர்கள் பெரும்பாலும் வ்ராப்டு ஈதரில்தான் (டோக்கனாக மாற்றிய ஈதர்) வரும், வெறும் ஈதர் என்று மெயில் சொன்னாலே அங்கேயே சந்தேகப்படலாம். விலை கூடியவற்றை எந்தத் தளத்துடனும் இணைக்காத தனி வாலட்டில் வைத்திருக்கிறேன்.

அந்த மெயிலை இன்னும் அழிக்கவில்லை என்றால் அழிக்காதீர்கள். ஜிமெயிலை கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' போய் முழுவதையும் கோப்பாக இறக்கி வையுங்கள். புகார் கொடுக்கும்போது ஸ்கிரீன்ஷாட்டைவிட அதுதான் உதவும். அத்துடன் அந்தத் தளத்தின் முகவரியையும் நீங்கள் சைன் பண்ணிய நேரத்தையும் குறித்து வையுங்கள்.