கந்தையும் கந்தலும் ஒன்றா?

கேள்வி: "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்ற பழமொழியை வகுப்பில் விளக்க வேண்டும். கந்தை, கந்தல், கிழிசல் மூன்றும் ஒன்றுதானா? கந்தை தமிழ்ச் சொல்லா? கந்தனோடு தொடர்பு உண்டா?

பதில்: கிழிசல் என்பது துணியில் கிழிந்த இடம். "கிழிசலைத் தைத்துக் கொடு" என்கிறோம். அங்கே கந்தல் வராது. கந்தல், துணி முழுதும் கெட்டுப்போன நிலையையும் அந்தத் துணியையும் குறிக்கும். அதற்கு முன்னே இரண்டு படிகள் உண்டு. வேட்டியை வெளிச்சத்தில் பிடித்தால் முழங்கால் படும் இடம் மட்டும் சல்லடைபோல் தெரிகிறதா, அது நைந்தது. லேசாக இழுத்ததுமே மடிப்போடு பிரிந்தால் இற்றுப்போனது. இற்ற துணியில் ஒட்டுப் போட்டுப் பயனில்லை; புதுத் துணியின் இழுப்பைத் தாங்காமல் தையல் ஓரத்திலேயே கிழியும்.

கந்தையை அகராதிகள் வடமொழிக் 'கந்தா' என்பதோடு சேர்த்துக் காட்டும். ஒட்டுப் போட்டுத் தைத்த ஆடை என்பது அதன் பொருள். வங்காளத்தில் பழைய சேலை, வேட்டிகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுச் செய்யும் விரிப்புக்குக் காந்தா என்று பெயர், அதே சொல்தான். ஆக, கந்தை வெறும் கிழிந்த துணியல்ல, கிழிந்தும் தைத்து உடுத்துவது. பழமொழியை அப்படிப் படித்தால்தான் "கசக்கிக் கட்டு" பொருந்தும். இற்ற கந்தலைக் கசக்கினால் கையோடு வந்துவிடுமே! இன்றைய பேச்சில் இரண்டும் கலந்துவிட்டன, அது பிழையல்ல.

சங்கத் தமிழில் கந்தைக்குச் சிதார் என்ற சொல் இருக்கிறது. சிதறு, சிதை என்பவற்றுக்கு நெருங்கியது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் முன் நிற்கும் பொருநன் (பாடிப் பரிசு பெறும் கலைஞன்) உடுத்திருந்ததை முடத்தாமக்கண்ணியார் சொல்வதைப் பாருங்கள்:

"ஈரும் பேனும் இருந்திறை கூடி
வேரொடு நனைந்து வேற்றிழை நுழைந்த
துன்னற் சிதாஅர்"

இருந்திறை கூடி என்றால் ஒன்றாகத் தங்கி; வேர் இங்கே வியர்வை, துன்னல் தையல். வேற்றிழை நுழைந்த என்ற இடம்தான் அருமை: துணியின் சொந்த நூலைவிடத் தைக்க வந்த நூல் கண்ணில் படுகிறது. வகுப்பில் இந்த மூன்று அடிகளைக் கட்டாயம் சொல்லுங்கள், கந்தை என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குக் கண்ணுக்கு முன் நிற்கும்.

கந்தனுக்கும் இதற்கும் உறவில்லை. கந்தன், ஸ்கந்தன் என்பதன் தமிழ் வடிவம். ஈழத்தில் வழங்கும் கந்தையா என்ற பெயரும் கந்தன், ஐயா இரண்டும் சேர்ந்ததே.

எழுதும்போது 'கந்தைத் துணி' என்று ஒற்று மிகும். 'கந்தல் துணி' என்பதில் மிகாது. 'கந்தற்றுணி' என்று புணர்த்தி எழுதுவது இலக்கணப்படி சரி, ஆனால் இன்று யாரும் அப்படி எழுதுவதில்லை.