அரசியல் அறிவியலும் வீட்டுப் பத்திரமும்

அன்புள்ள ஐயா,

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் டூவில் 600க்கு 541 வாங்கியிருக்கிறாள். பி.காம். சேரச் சொன்னேன். அரசியல் அறிவியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பக்கத்து மாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம். மூன்று ஆண்டுக்கு 15 லட்சம் கடன் தர வங்கி தயார், ஆனால் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். ஐ.ஏ.எஸ். எழுத இதைவிட நல்ல படிப்பு இல்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து போனில் சொன்னார்கள். கடைக்கு வருகிறவர்களோ, "இதைப் படித்துவிட்டு எந்தக் கட்சியில் சேரப்போகிறாள்?" என்கிறார்கள். நீங்கள் இதே பாடம் படித்தவர் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். மகள் ஆசையைக் கெடுக்க மனமில்லை, வீட்டை வைக்கவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். மகளை அரசியல் அறிவியல் படிக்க விடுங்கள்.

கடை நடத்துகிற உங்களுக்கு வட்டிக் கணக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கல்விக் கடனில் ஒரு விஷயம் சட்டென்று கண்ணில் படாது. படிக்கும் காலத்திலும் அதற்கு அடுத்த ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் பணம் வாங்கிய நாளிலிருந்து ஏறிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு 5 லட்சமாக மூன்று முறை வாங்குகிறீர்கள், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணை கட்டும் நாளில் அந்த 15 லட்சம் ஏறத்தாழ 19.7 லட்சமாக நிற்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் 26,600 ரூபாய் வேண்டும். பி.ஏ. முடித்த பெண்ணுக்கு முதல் வேலையில் முழுச் சம்பளமே அவ்வளவு வந்தால் பெரிது.

அதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. அரசியல் அறிவியல் பி.ஏ.வோடு நின்றுவிடும் படிப்பில்லை. அதன் பலன் அடுத்த படியில்தான் கிடைக்கும். எம்.ஏ., அல்லது மூன்றாண்டுச் சட்டப்படிப்பு, அல்லது இதழியல் என்று இன்னும் இரண்டு மூன்று ஆண்டு படித்தால்தான் கையில் ஒரு தொழில் இருக்கும். தலைக்கு மேல் கடன் இருக்கிற பெண் அந்த இடத்தில் நின்றுவிடுவாள். கிடைத்த வேலைக்குப் போவாள். 15 லட்சம் போட்டு வாங்கிய படிப்பு எதற்கும் உதவாமல் போவது அப்படித்தான்.

என்னோடு படித்தவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். சென்னையில் ஒரு அரசுக் கல்லூரியில் படித்தோம். வகுப்பு ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு பேராசிரியர் மூன்று ஆண்டும் பழுப்பேறிய ஒரே நோட்டிலிருந்து சொல்லச் சொல்ல எழுத வைத்தார். எனக்கு இன்றும் அதில் கோபம் உண்டு. பாடத்தைக் காப்பாற்றியது கன்னிமாரா நூலகம். அந்த வகுப்பில் பி.ஏ.வுக்குப் பிறகு சட்டம் படித்த நான்கு பேரும் இன்று நன்றாக இருக்கிறார்கள். அரசியலமைப்பை ஏற்கெனவே படித்திருந்தது அவர்களுக்கு முதலாண்டிலேயே கைகொடுத்தது. ஒருவர் குரூப் 2 எழுதி அரசுப் பணிக்குப் போனார், ஒருவர் செய்தியாளரானார். பி.ஏ.வோடு நிறுத்தியவர்கள் என்ன வேலை கிடைத்ததோ அதைச் செய்தார்கள். அந்த வேலைக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் போதும்.

என் நெருங்கிய நண்பன் ஒருவன் எட்டு ஆண்டு ஐ.ஏ.எஸ். தேர்வுக்கே கொடுத்தான். முப்பத்தி மூன்று வயதில் வெறுங்கையோடு ஊருக்குத் திரும்பினான். பல்கலைக்கழகத்திலிருந்து உங்களுக்குப் போனில் சொன்னதைப் படித்தபோது அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அந்தத் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் அதில் ஒரு விருப்பப் பாடம். முதன்மைத் தேர்வின் 1750 மதிப்பெண்ணில் 500 அதற்கு. அதை எடுக்க அரசியல் அறிவியல் பட்டம் தேவையில்லை. 2024ஆம் ஆண்டுத் தேர்வில் முதலிடம் பெற்ற சக்தி துபே படித்தது உயிர்வேதியியல், 2022இல் முதலிடம் பெற்ற இஷிதா கிஷோர் படித்தது பொருளாதாரம். இருவரும் எடுத்த விருப்பப் பாடம் இதுதான். 2024 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர், தேர்வானவர்கள் 1,009 பேர். எழுத ஆசைப்பட்டால் எழுதட்டும். முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் கொடுக்கும் 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது, அரசின் இலவசப் பயிற்சி மையமும் சென்னையில் இருக்கிறது. இந்தத் தேர்வை நம்பி வீட்டை மட்டும் வைக்க வேண்டாம்.

சரி, எங்கே படிப்பது? தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் இந்தப் பாடமே கிடையாது. சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது, தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இருக்கிறது. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம்தான். மற்றபடி விடுதிச் செலவு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு கியூட் என்ற நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். எழுதினாளா என்று நீங்கள் சொல்லவில்லை. எழுதியிருந்து நல்ல மதிப்பெண் இருந்தால், தயங்காமல் ரயில் ஏற்றிவிடுங்கள். அங்கே கட்டணத்தைவிடத் தங்கும் செலவுதான் அதிகம், இருந்தாலும் உங்கள் 15 லட்சத்துக்குப் பக்கத்தில் வராது. எங்குமே இடம் கிடைக்காவிட்டால் பக்கத்தில் பி.ஏ. வரலாறு சேர்ந்துவிட்டு எம்.ஏ.வில் மாறிக்கொள்ளலாம்.

எம்.ஏ.வைத்தான் நல்ல இடமாகப் பார்க்க வேண்டும். ஜே.என்.யு., ஹைதராபாத், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு. அதற்குப் பிறகு, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆய்வு செய்ய மாதம் 37,000 ரூபாய் கொடுக்கிறார்கள். ஆனால் கல்லூரி ஆசிரியர் வேலையை மட்டும் நம்பி அதில் இறங்கக் கூடாது. முனைவர் பட்டம் வாங்கிவிட்டுத் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆய்வு உதவியாளராக ஏறத்தாழ ஓராண்டு வேலை பார்க்கும் 'லேம்ப்' என்றொரு வாய்ப்பு உண்டு. பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு நடத்துகிறது. 25 வயதுக்கு உட்பட்ட, எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியவரும் விண்ணப்பிக்கலாம். மசோதாவைப் படித்துச் சுருக்கி எழுதத் தெரிந்த பெண்ணுக்கு அது நல்ல தொடக்கம்.

எழுதத் தெரிவது, எண்களைப் படிக்கத் தெரிவது, இந்த இரண்டையும்தான் மூன்று ஆண்டில் அவள் தானாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் வாக்குச்சாவடி வாரியாக முடிவுகள் 'படிவம் 20' என்ற பெயரில் வெளியாகின்றன. உங்கள் தொகுதியின் இரண்டு தேர்தல் படிவங்களை எடுத்து எக்செல்லில் ஏற்றி, எந்தத் தெருவில் வாக்கு மாறியது, ஏன் மாறியது என்று நான்கு பக்கம் தமிழிலும் நான்கு பக்கம் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்க வேண்டும். போய் உட்கார்ந்து, தீர்மானப் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள், அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று குறித்துக்கொண்டு வரட்டும். நம் அரசியலமைப்பை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபையின் விவாதங்கள் முழுக்க இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புத்தகம் வேண்டுமென்றால் மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் உங்களுக்குப் பக்கம்தான். வேலை கொடுப்பவர் இந்த எட்டுப் பக்கத்தை ஒருமுறை பார்த்தாலே போதும், பட்டத்தில் எந்தக் கல்லூரிப் பெயர் இருக்கிறது என்று அதற்குப் பிறகு கேட்கமாட்டார்.

கடைக்கு வருகிறவர்களுக்கும் ஒன்று. ரேஷன் கடையில் அரிசி எத்தனை கிலோ என்று யார் முடிவு செய்கிறார்கள், மில் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்பதுதான் இந்தப் பாடம். அதைப் படிக்க உங்கள் ஊரிலிருந்து ஒரு பெண் கிளம்புவதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, அவள் ஏன் இந்தப் பாடத்தைக் கேட்கிறாள் என்பது மட்டும் இல்லை. இன்று ராத்திரி கடை அடைத்த பிறகு கேளுங்கள். ஐ.ஏ.எஸ். என்று மட்டும் சொன்னால் பி.காம். படித்தாலும் அதை எழுதலாம் என்று சொல்லிவிடுங்கள், அவளே யோசிக்கட்டும். வேறு ஏதாவது சொன்னால், அப்புறம் அதை அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். கியூட் மதிப்பெண்ணும் இருந்தால் சேர்த்து எழுதட்டும். எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்