ஆற்றங்கரை ஊருக்கு வாட்ஸ்அப் போதுமா, மைக் செட் வேண்டுமா?

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையோரக் கிராமம் எங்களுடையது. வெள்ள எச்சரிக்கைக்கு ஊர்ப் பொதுவில் ஒரு மைக் செட் வாங்கலாம் என்றேன். "கலெக்டரின் எக்ஸ் பக்கத்திலேயே எல்லாம் வருகிறது. குரூப்பில் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். எதற்கு வீண் செலவு?" என்கிறார்கள் இளைஞர்கள். அரசே சமூக வலைத்தளங்களைத்தானே நம்புகிறது?

பதில்: மைக் செட்டை வாங்கிவிடுங்கள். பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். ஃபெஞ்சல் புயல் மழையால் 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் வெளியேறியது. முன்னறிவிப்பு இல்லாமல் திறந்துவிட்டார்கள் என்றன எதிர்க்கட்சிகள். ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. அந்தச் சர்ச்சைக்குள் நான் போகவில்லை. அனுப்பியதாக ஒரு தரப்பும் வரவில்லை என்று இன்னொரு தரப்பும் சொல்ல இடமிருந்ததே, அதுதான் எனக்குக் கவலை. எக்ஸில் போட்ட பதிவு எக்ஸில்தான் இருக்கும். அதிகாலை மூன்று மணிக்குத் தூங்குகிற ஆளை அது எழுப்பாது. எச்சரிக்கை என்றால் ஆளைத் தேடி வரவேண்டும். ஆள் அதைத் தேடிப் போகும்படி இருந்தால் அது வெறும் அறிவிப்பு.

இன்னொரு சிக்கல், அந்தத் தளம் அரசுடையது அல்ல. நியூயார்க் நகரின் போக்குவரத்துக் கழகம் ரயில் தாமதங்களை ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) உடனுக்குடன் தெரிவித்துவந்தது. 2023-இல் தானியங்கிப் பதிவுகளுக்கு அந்த நிறுவனம் கட்டணம் கேட்டது. மாதம் 50,000 டாலர் வரை ஆகும் என்று தெரிந்ததும், ஏப்ரலில் போக்குவரத்துக் கழகம் அந்தச் சேவையையே நிறுத்தியது. சில நாள்களில் ட்விட்டர் இறங்கிவந்தது, அது வேறு விஷயம். அதே ஆண்டு ஜூலையில், ஒருவர் ஒரு நாளில் எத்தனை பதிவுகளைப் பார்க்கலாம் என்பதற்கே வரம்பு வைத்தார்கள். அந்த வரம்பு புயல் நாளில் வந்திருந்தால்?

ஹவாயில் நடந்தது இதைவிட விநோதம். 2018 ஜனவரி 13 அன்று ஏவுகணை வருவதாகத் தவறான எச்சரிக்கை எல்லார் கைப்பேசிக்கும் போய்விட்டது. பொய் என்று ஆளுநருக்குச் சீக்கிரமே தெரிந்தும், ட்விட்டரில் சொல்லக் கால் மணி நேரமானது. கடவுச்சொல் நினைவில் இல்லையாம்!

சரி, அரசு எதை நம்பவேண்டும்? கைப்பேசிக் கோபுரத்திலிருந்து அதன் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் போகும் ஒலிபரப்பு முறையை. 2023-இல் திடீரென்று போன்கள் அலறி, "இது சோதனைச் செய்தி" என்று வந்ததே, அதுதான். அதற்கு இணையம் வேண்டாம், யாருடைய எண்ணும் தெரிந்திருக்க வேண்டாம், நெரிசலில் சிக்காது. கோபுரத்துக்கு மின்சாரம் போய் டீசலும் தீர்ந்தால் மட்டும் அதுவும் ஊமை. கஜா புயலில் அடிபட்ட வேதாரண்யத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்த இடத்தில்தான் உங்கள் மைக் செட் வருகிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு மீனவர் கிராமத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் ஒன்று இருந்தது. கடல் நிலவரத்தை ஒலிபெருக்கியில் சொல்வது அங்கே வழக்கம். 2004 சுனாமி அன்று சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் வீட்டுக்குப் போன் செய்து எச்சரிக்க, அந்த ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார்கள். ஊர் மக்கள் தப்பினார்கள். தினமும் கேட்டுப் பழகிய குரல் என்பதால் யாரும் "உண்மையா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை என்பது என் கணிப்பு. ஆகவே வாங்கிய செட்டை மூலையில் போட்டுவைக்காதீர்கள். ரேஷன் பொருள் வந்தாலும் அதில் சொல்லுங்கள்.

இளைஞர்கள் சொல்வதைத் தள்ளிவிடவும் வேண்டாம். 2015 சென்னை வெள்ளத்தில் எந்தத் தெருவில் யார் மாட்டியிருக்கிறார்கள் என்பதைப் பெருமளவு வெளியே கொண்டுவந்தது சமூக ஊடகம்தான். மக்களிடமிருந்து அரசுக்குச் செய்தி போக அதைவிட வேகமான வழி இல்லை. வதந்தியை மறுக்கவும், எந்தப் பள்ளியில் முகாம் என்று சொல்லவும் அது உதவும். தனியார் வானிலை ஆர்வலர்களின் பின்னால் இத்தனை பேர் போவதற்கு, அவர்கள் புரிகிற தமிழில் எழுதுவதும் ஒரு காரணம். அதை அதிகாரிகள் கற்றுக்கொண்டால் நல்லது.

குரூப் விஷயத்தில் ஒன்று மட்டும் கண்டிப்பாக இருங்கள். தேதியும் நேரமும் இல்லாத 'ரெட் அலர்ட்' படம் எதையும் அனுமதிக்காதீர்கள். பழைய ஆண்டுப் படங்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் திரும்பி வருகின்றன. சந்தேகம் வந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077-இல் கேட்டுவிட்டு மைக்கைத் தொடலாம். அறிவிக்கும் பொறுப்பை இரண்டு பேரிடம் கொடுங்கள். அவர்களில் ஒருவராவது இரவில் ஊரில் தங்குபவராக இருக்கட்டும்.