கொள்ளும் குளம்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘வார் ஹார்ஸ்’ படத்தைப் பார்த்தேன். முள்கம்பியில் சிக்கிக் கிடக்கும் ஜோயி என்ற குதிரையை ஓர் ஆங்கிலச் சிப்பாயும் ஒரு ஜெர்மானியச் சிப்பாயும் சேர்ந்து விடுவிக்கும் காட்சியில் அழுதுவிட்டேன். அது வெறும் மிகையுணர்ச்சி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன? மனிதனுக்காகத் தன்னையே தியாகம் செய்த அந்த உயிரைப் பற்றி நம்மிடம் ஏன் ஒரு படைப்பும் இல்லை? குதிரை கப்பலில் வந்திறங்கிய அந்நிய விலங்கு என்பதாலா? எங்கள் பகுதியில் அய்யனார் கோயிலின் மண்குதிரைகளைத் தவிர வேறு குதிரையை நான் கண்டதில்லை.

தங்கள் வாசகன்,
தேவிபட்டினம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் புறநானூற்றின் 273ஆம் பாடலைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். எருமை வெளியனார் பாடியது அது. போர் முடிந்து எல்லாருடைய குதிரைகளும் வந்துவிட்டன. தன் சிறு குடுமிப் பிள்ளைக்குத் தகப்பனானவன் ஏறிச்சென்ற குதிரை மட்டும் வரவில்லை. ‘மாவாராதே, மாவாராதே’ என்று தொடங்குகிற அந்தப் பெண், இரண்டு பேராறுகள் கூடுமிடத்தில் குறுக்கே நின்ற பெருமரம் சாய்வதுபோல அவன் குதிரை சாய்ந்துவிட்டதோ என்று கேட்கிறாள். அவன் என்ன ஆனான் என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை; குதிரையைக் கேட்கிறாள். இந்தப் பாடல் வகைக்குக் ‘குதிரை மறம்’ என்று பெயரே இருக்கிறது. நம்மிடம் ஒன்றும் இல்லை என்று எழுதுவதற்கு முன், சில வரிகளே உள்ள இந்தப் பாடலைத் தேடிப் படித்திருக்க வேண்டாமா?

அழுததற்காக வெட்கப்படாதீர்கள். அந்தக் காட்சி மிகையா அளவா என்ற வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. தமிழில் ஏன் அப்படிப் படம் எடுக்கவில்லை என்பதைப் படம் எடுப்பவர்களிடம் கேளுங்கள்.

ஆனால் ‘தியாகம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லை என்னால் கடந்துபோக முடியவில்லை. எதற்கென்று அறிந்து, மனமொப்பிக் கொடுப்பவன் செய்வது தியாகம். ஜோயி எதையும் கொடுக்கவில்லை, அதனிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதை வளர்த்த பையன் ஆல்பர்ட்டின் தகப்பனார் குத்தகைக் கடனுக்காக அதைப் படைக்கு விற்கிறார்; போர் முடிந்ததும் அதே படை அதை ஏலத்தில் நிறுத்துகிறது. நீங்கள் பார்த்த படத்திலேயே இவ்வளவும் இருக்க, கண்ணீர் உங்கள் கண்ணை மறைத்துவிட்டது. முதல் உலகப் போரில் ஏறத்தாழ 80 லட்சம் குதிரைகள் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். அந்தப் போருக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறிய குதிரைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றுள் ஊர் திரும்பியதாக அறியப்படுவது சாண்டி என்ற ஒரே ஒரு குதிரை. பிழைத்திருந்தவற்றுள் பலவற்றை வேறு படைகளிடம் ஒப்படைத்தார்கள். முதிர்ந்தவற்றையும் நோயுற்றவற்றையும் சுட்டார்கள். இதற்குத் தியாகம் என்று பெயர் வைத்தால், விற்றவனும் வாங்கியவனும் சுட்டவனும் ஒரே சொல்லில் தப்பிவிடுகிறார்கள் அல்லவா?

இதை ஐரோப்பாவின் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் குடியிருக்கும் கரைக்கும் இதில் பங்கு உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக வளைகுடாவின் கீஷ், ஹோர்முஸ் துறைகளிலிருந்தும் அரேபியக் கரையிலிருந்தும் பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கின. ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும், வழியில் கடலில் மடிந்த குதிரைக்கும் அரசன் விலை கொடுத்தான் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். மார்க்கோ போலோ எழுதியது இன்னும் கொடியது. ஓர் அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான். ஆண்டு முடிவில் 100 கூட உயிரோடு மிஞ்சுவதில்லை. லாடம் அடிக்கவும் நோய் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை; அப்படிப்பட்டவர்கள் வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்கிறார் அவர். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை கிடைக்கும்!

தொண்டிக்கு வடக்கே இருக்கும் திருப்பெருந்துறையின் கதையை நீங்கள் பாட்டியிடம் கேட்டிருப்பீர்கள். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி அனுப்பினான். இரவில் அவை மறுபடியும் நரிகளாகி, லாயத்தில் முன்பே நின்ற குதிரைகளைக் கடித்துக் குதறின. திருவிளையாடலைக் கேட்டு இன்றும் உருகுகிறவன் நான். ஆனாலும் சிறுவயதிலிருந்தே என் மனம் போய் நிற்கும் இடம் அந்த லாயம்தான். கட்டுத்தறியில் நின்ற அந்தப் பழைய குதிரைகள் என்ன பிழை செய்தன? விடியற்காலையில் கொள்ளுக் கூடையோடு உள்ளே போன லாயக்காரன் எதைக் கண்டிருப்பான்? அவனைப் பற்றி ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

மனிதனுக்கும் குதிரைக்கும் இடையிலான பந்தம் என்று நான் நம்புவது அந்தக் கொள்ளுக் கூடையைத்தான். பொன்முடியார் புறநானூறு 299இல் பாடுகிறாரே: உழுத்தஞ்சக்கை தின்று வளர்ந்த, ஓய்ந்த நடையுடைய சிற்றூர் மன்னனின் குதிரை, கடலைப் பிளந்து செல்லும் தோணிபோலப் பகைவர் படையைப் பிளந்து செல்கிறது, நெய் பெய்த கவளம் உண்ட பெருவேந்தனின் குதிரைகளோ ஒதுங்கி நிற்கின்றன. கடலோரத்துக்காரரான உங்களுக்கு அந்தத் தோணியை நான் விளக்க வேண்டியதில்லை. நெய்யைக் கருவூலத்திலிருந்து கொடுத்துவிடலாம். சக்கையை ஒரு கை கொண்டுவந்து வைக்க வேண்டும்.

அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். 1970களின் தொடக்கத்தில், இராமேஸ்வரத்தில், எங்கள் தெருக்கோடியில் குதிரைவண்டிக்காரத் தாத்தா ஒருவர் இருந்தார். ரயிலில் வரும் யாத்திரிகர்களைக் கோயிலுக்கு ஏற்றிச்செல்வது அவர் தொழில். அவருடைய பழுப்புநிறப் பெண்குதிரையைத் ‘தாயி’ என்றுதான் கூப்பிடுவார். மாலை ரயிலின் சவாரி முடிந்து வந்ததும், தான் ஒரு வாய் காப்பி குடிப்பதற்கு முன்பு, அதன் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தன் தொடையில் வைத்துக்கொண்டு, முனை வளைந்த சிறிய இரும்புக் கம்பியால் குளம்பில் அடைந்த மணலையும் சிப்பித் துண்டுகளையும் கெல்லி எடுப்பார். எங்கள் தெருக் கிணறுகளில் உவர்நீர். வீட்டார் எல்லாரும் அதில்தான் குளித்தார்கள். குதிரையின் உடம்பில் காய்ந்த வியர்வையைத் துடைக்க மட்டும் அவர் மணல் ஊற்றிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்துவருவார். அதற்காக ஆச்சி அவரை ஏசாத நாளில்லை. ஏசிக்கொண்டே கொள்ளை ஊறவைப்பவரும் ஆச்சிதான்.

அவர் அந்தக் குதிரையை விற்றார். மகள் கல்யாணத்துக்குப் பணம் போதவில்லை. அதனால்தான் ஆல்பர்ட்டின் தகப்பனாரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வாங்கியவர் மதுரைப் பக்கத்துக்காரர். திருமண ஊர்வலத்துக்கு என்று சொன்னார். பணத்தை எண்ணி மடியில் கட்டிய பிறகும் தாத்தா கயிற்றைக் கையிலிருந்து விடவில்லை. இடது பின்னங்காலில் பழைய காயம் உண்டு, அதைத் தூக்குவதற்கு முன்னால் முதுகில் கை வைத்துத் தடவ வேண்டும், இல்லாவிட்டால் மிரளும் என்று சொன்னார். வாங்கியவர் தலையசைத்தார். தாத்தா மறுபடியும் சொன்னார். மூன்றாம் முறை தாமே குனிந்து முதுகைத் தடவி, காலைத் தூக்கிக் காட்டினார். பிறகு இடுப்பிலிருந்து அந்த வளைந்த கம்பியை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, வாங்கியவர் கையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

அன்புடன்.