கோரிமேட்டு நிறுத்தத்தில் ஒரு கல்லூரி

அன்புள்ள ஐயா,

நான் சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன். நாங்கள் மலையாளிப் பழங்குடியினர். அப்பா காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார். நான் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன், இப்போது வண்டி ஓட்டுகிறேன். தங்கை ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்து, இந்த ஆண்டு உயிரியல் பிரிவில் பிளஸ் டூ நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருக்கிறாள். தாவரவியல் படித்து ஆசிரியையாக வேண்டும் என்கிறாள். தேர்வு முடிவு வந்த வாரமே ஒரு தனியார் கல்லூரியின் ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் வருடம் கட்டணச் சலுகை உண்டு, மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் இப்போதே கொடுத்துவிடுங்கள் என்கிறார். அப்பா கொடுத்துவிடலாம் என்று இருக்கிறார். உறவினர்களோ, மலையில் கல்லூரி இல்லாதபோது பெண்ணைக் கீழே அனுப்புவானேன், நல்ல இடம் பார்த்துக் கட்டிக்கொடுங்கள் என்கிறார்கள். சேலத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வழி இருக்கிறது? தினமும் போய்வர முடியுமா?

ஒரு வாசகர், சேர்வராயன் மலை

அன்புள்ள தம்பி,

சான்றிதழ்களை யாரிடமும் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். மூலச் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரிகள் அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. சேர்வதற்கு முன்பே வீடு தேடி வந்து அதைக் கேட்பவர், உங்கள் தங்கை வேறெங்கும் சேர முடியாதபடி செய்யவே கேட்கிறார். மாற்றுச் சான்றிதழ் அவர் கைக்குப் போய்விட்டால், அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் நாளில் அவள் வெறுங்கையோடு நிற்பாள். படிக்காத பெற்றோரின் மரியாதையையும் பயத்தையும் முதலாக வைத்து நடக்கும் இந்த ஆள்பிடிப்பை நினைத்தாலே எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

அந்த ஆள் சொல்லாமல் விட்ட ஒன்றை அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகள் 1997இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் படித்தாலும், சொற்பக் கட்டணத்தில் அரசுக் கல்லூரியில் படித்தாலும் முடிவில் கைக்கு வருவது அதே பல்கலைக்கழகத்தின் பட்டம். நேராகப் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்துவிடலாம் என்று எண்ணிக் கருப்பூர் வளாகத்துக்குப் போய் விசாரிப்பவர்களும் உண்டு. அங்கே நடப்பது பெரும்பாலும் முதுகலையும் ஆய்வும்தான். பிளஸ் டூ முடித்தவர்கள் கல்லூரிகளில்தான் சேர வேண்டும்.

மலையில் கல்லூரி இல்லை என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கும் பஸ் சேலம் நகருக்குள் நுழையும் முன்பே கோரிமேட்டைக் கடக்கிறது. அங்கே 1979 முதல் அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. உங்கள் மலைப்பாதையின் காலடியில், பெண்களுக்கென்றே நடக்கும் அரசுக் கல்லூரி அது. இன்னும் சற்றுத் தள்ளி, செர்ரி ரோட்டில் அரசு கலைக் கல்லூரி. 1857இல் பள்ளியாகத் தொடங்கி 1879இல் கல்லூரியானது. இருபாலரும் படிக்கும் அந்தக் கல்லூரியில் தாவரவியல் துறை உண்டு. ஒரே இணையவழி விண்ணப்பத்தில் இரண்டு கல்லூரிகளையும் குறிப்பிடலாம். பொதுப்பிரிவினருக்கு 48 ரூபாய் விண்ணப்பக் கட்டணமும் 2 ரூபாய் பதிவுக் கட்டணமும் என்று வாங்கிவந்தார்கள். பழங்குடியினர் அந்த 2 ரூபாயை மட்டும் கட்டினால் போதும். தமிழ், ஆங்கில இலக்கியம் தவிர்த்த பாடங்களுக்கு மொழித்தாள் மதிப்பெண் கணக்கில் வராது. மற்ற நான்கு பாடங்களின் மதிப்பெண்ணையும் கூட்டி 400க்குத் தரவரிசை போடுவார்கள். கணினி மையத்துக்குப் போய்த் திணற வேண்டாம். கல்லூரியிலேயே உதவி மையம் இருக்கும், அங்கேயே பதிவு செய்துகொடுப்பார்கள்.

தினமும் போய்வருவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வண்டி ஓட்டுபவர் நீங்கள், அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் என்னைவிட நன்றாக அறிவீர்கள். நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கோரிமேட்டுக்கு இன்னொன்று, மாலையில் இதே வரிசை தலைகீழாக. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டால், பாதையில் மண் சரிந்தால், வகுப்புக்குப் போன நாள்களைவிடப் போகாத நாள்களே அதிகமாகும். வருகைப்பதிவு குறைந்தால் தேர்வெழுத விடமாட்டார்கள். மலைப்பெண்கள் படிப்பை விடுவது பெரும்பாலும் இப்படித்தான். பாடம் புரியாமல் இல்லை, பஸ் வராமல். ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் அதே நாளில் விடுதியையும் முடிவு செய்யுங்கள். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை கல்லூரி மாணவியருக்குச் சேலத்தில் விடுதி நடத்துகிறது. தங்கவும் உண்ணவும் கட்டணம் கிடையாது. ஆனால் கல்லூரியில் இடம் கிடைத்தால் விடுதியிலும் தானாகக் கிடைத்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். அதற்கு விண்ணப்பம் தனி. சேர்க்கை உறுதியானதும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அப்பாவையும் அழைத்துப்போய் விடுதியைக் காட்டுங்கள், காப்பாளரோடு பேச வையுங்கள். மகள் எங்கே தூங்குவாள், எங்கே சாப்பிடுவாள் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்ட தகப்பனிடம் உறவினர் பேச்சு அவ்வளவாக எடுபடாது. அவளுக்கு 18 வயது நிறைந்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. நிறையவில்லை என்றால் அந்தக் கல்யாணம் சட்டப்படி குற்றம், இதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தங்கையின் பெயரில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் முடியும் வேலை, பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் வரை போகிறது. விசாரணை நடந்து அவர் கையொப்பமிட்டால்தான் செல்லும். நாளாகும். அந்தத் தாள் இல்லாமல் ஒதுக்கீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. மாநிலத்தில் பழங்குடியினருக்கான ஒதுக்கீடே 1 விழுக்காடுதான், அதையும் ஒரு தாள் தாமதித்து இழக்கலாமா?

பணத்தைப் பற்றி அப்பா கவலைப்பட வேண்டியதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் பழங்குடி மாணவர்களுக்கான உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பிக்க வருமானச் சான்றிதழ் வேண்டும்.

தாவரவியலுக்கு வருகிறேன். அதைப் படித்து என்ன செய்வது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். உங்கள் ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிடு தோட்டம் 1963 முதல் இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. தங்கை எந்த மலையில் பிறந்தாளோ அந்த மலையிலேயே செடிகொடிகளுக்காக நடப்பவை இவை. அவளை ஒருமுறை அங்கே அழைத்துப்போங்கள், அங்கு வேலை செய்பவர்களிடம் அவளே கேட்கட்டும். ஆசிரியை ஆவதென்றால் இளநிலைக்குப் பிறகு இரண்டாண்டு பி.எட்., அதோடு தகுதித் தேர்வு. இன்னொரு வழியையும் விட்டுவிட வேண்டாம். செடியில் மனம் இருக்கிறது, உயிரியல் படித்திருக்கிறாள் என்றால் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண்மை, தோட்டக்கலைப் படிப்புகளுக்கும் விண்ணப்பிக்கட்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இந்தத் தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 விழுக்காடு இடம் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இது கலைக் கல்லூரி விண்ணப்பத்தில் சேராது, தனியாகப் போட வேண்டும்.

ஊரில் கேட்கும் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்ல: கணக்கில் கெட்டியானவர்களுக்குக் கருப்பூரில் 1966 முதல் அரசு பொறியியல் கல்லூரி. நெசவில் ஆர்வம் இருந்தால் 1960இல் மத்திய அரசு தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் சேலத்திலேயே இருக்கிறது. தறி ஓடும் ஊர்க்காரர்களே பலர் இதை அறியாமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சட்டம் படிக்க 2019 முதல் அரசு சட்டக் கல்லூரியும் வந்துவிட்டது.

நீங்கள் பத்தாம் வகுப்போடு நின்றதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிக் கடந்துபோக மாட்டேன். பத்து முடித்தவர் பாலிடெக்னிக்கில் சேரலாம். மூன்றாண்டு டிப்ளமாவுக்குப் பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாக நுழையவும் வழி உண்டு. வண்டியை விட முடியாது என்றால் தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட்டு, தொலைநிலையில் பட்டம் படியுங்கள். பிளஸ் டூ இல்லாமலே பட்டம் வாங்கித் தருகிறோம் என்று எவராவது வந்தால் பணம் கட்டிவிடாதீர்கள். பத்து, அடுத்துப் பன்னிரண்டு அல்லது டிப்ளமா, பிறகு பட்டம் என்ற வரிசையில் வராத பட்டத்தைத் தமிழக அரசு வேலைக்கு ஏற்பதில்லை.

இந்தப் பதில் வருவதற்குள் அப்பா சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால், அந்தக் கல்லூரி முதல்வருக்குத் திருப்பித் தரும்படி எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் அந்த நகலோடு சேலம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.